வாளிக்கு ரெண்டு சொட்டு

அக்கா இடுப்பு எலும்பு உடைந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது பத்தொன்பது உயிரை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். சண்டை மீன் ஒன்று. தொட்டியின் தரையைத் துழாவிக்கொண்டு திரியும் மீசை வைத்த மீன் ஆறு. நகத்தளவு சிவப்பு இறால் ஒன்பது. நத்தை மூன்று. இந்தக் கணக்கு அவள் சொன்னது. நான் அதுவரை ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

குளியலறையிலிருந்து மீனுக்கு வாளித் தண்ணீர் தூக்கிக்கொண்டு வந்தவள், சிந்திய தண்ணீரிலேயே வழுக்கி விழுந்தாள். எழுபத்தாறு வயதில் வாளி தூக்க விடலாமா என்று டாக்டர் என்னைப் பிடித்துக் கேட்டார். வீட்டில் நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கும்போது அவள் ஏன் தூக்கினாள் என்பதை அவரிடம் சொல்லவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

நான் குடிநீர் நிலையத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன். மருந்தறை என் பொறுப்பு. ஊருக்குப் போகிற தண்ணீரில் குளோரின் கலந்து விடுவது நான். மீட்டர் காட்டுவதற்கு முன்னால் என் மூக்கு சொல்லிவிடும், கூடவா குறைவா என்று. மூன்றாம் வகுப்போடு நின்றவனுக்கு அந்த மூக்குதான் படிப்பு. அக்கா ஆறு வருடம் முன்னால் மீன் வளர்க்க ஆரம்பித்தபோது நான்தான் சொல்லிக் கொடுத்தேன். தண்ணீரை வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வை, குளோரின் தானாகப் போய்விடும், பிறகு ஊற்று என்று. நானே பிடித்து வைத்து நானே தூக்கியும் கொடுத்தேன். இரண்டு வருடம் ஒரு மீன் சாகவில்லை.

பிறகு ஒரு நாள் வளர்ப்பு மீன் கடையிலிருந்து விரலளவு பாட்டில் ஒன்று வாங்கி வந்தாள். வாளிக்கு இரண்டு சொட்டு விட்டால் போதுமாம், நிற்க வைக்க வேண்டாமாம். ஏதோ ஒரு காகிதத்தையும் என் முன்னால் நீட்டினாள். நான் கையில் வாங்கவில்லை. ஊருக்கே மருந்து போட்டவன் நான். அதை எடுக்க எவனோ ஒரு கடைக்காரனிடம் மருந்து வாங்க வேண்டுமா?

"காகிதத்துல போட்டிருக்குடா" என்றாள்.

"காகிதத்துல என்ன வேணா போடுவான். என் பேச்சு உனக்குப் புளிச்சுப் போச்சு, அவன் பேச்சு இனிக்குது. சரி. இனிமே உன் மீன், உன் வாளி."

அன்றிலிருந்து நான் வாளியைத் தொடவில்லை. நாலு வருடம்.

எங்களுக்கு வேறு ஆள் இல்லை. அவள் புருஷனும் போய்விட்டார், என் மனைவியும் போய்விட்டாள், இரண்டு பக்கமும் பிள்ளை இல்லை. மூன்றாவது மாடியில் இரண்டு அறை. அவள் நாற்பது வருடம் தையல் தைத்தவள். கண்ணில் புரை விழுந்ததும் மெஷினின் தலையை விற்றுவிட்டு, இரும்புக் காலை மட்டும் வைத்துக்கொண்டாள். அதன் மேல் பலகை போட்டு இரண்டு தொட்டி. பெரியதில் மீசைக்காரர்கள், இறால், நத்தை. சின்னதில் சண்டை மீன் தனியாக. தொட்டியைப் பார்த்துக்கொண்டே கீழே மிதியை மிதித்துக்கொண்டிருப்பாள். மேலே மெஷின் இல்லை, கால் மட்டும் தைக்கும்.

சண்டை மீனுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தாள். கருநீலம், வாலில் மட்டும் சிவப்பு. தின்பான், முறைப்பான், மூலையில் போய்ப் படுத்துக்கொள்வான். என்னைக் கண்டால் மட்டும் செவுள் இரண்டையும் விரித்துக்கொண்டு கண்ணாடிக்கு வருவான்.

"அவருக்கு உன்னைப் பிடிக்கலடா" என்பாள் அக்கா.

"எனக்கும்தான் அவனைப் பிடிக்கல."

"அப்ப ரெண்டு பேருக்கும் பொருத்தம் சரியாத்தான் இருக்கு."

ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்துக் கீழே இறக்கும்போது, வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு என் சட்டையைப் பிடித்தாள். "தம்பி, மூணு நாளைக்கு ஒரு தடவை பாதித் தண்ணி மாத்து. வாளிக்கு ரெண்டு சொட்டு. உன் வீராப்பையெல்லாம் நான் வந்தப்புறம் காட்டு."

"சரி, சரி, போ" என்றேன்.

மூன்றாம் நாள் தண்ணீர் மாற்றினேன். சொட்டு போடவில்லை. மறந்து போடாமல் இல்லை. ஒரு நாளுக்குப் பதில் இரண்டு நாள் வாளியைத் திறந்து வைத்தேன். குனிந்து மோந்து பார்த்தேன். துளி வாசனை இல்லை. அவள் திரும்பி வந்ததும் அந்தப் பாட்டிலை அப்படியே கையில் கொடுத்து, பார், ஒரு சொட்டு குறையவில்லை, உன் மீனும் குறையவில்லை என்று சொல்லப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டே ஊற்றினேன்.

ஐந்தாம் நாள் காலையில் இரண்டு இறால் செத்துக் கிடந்தன. சாயங்காலத்துக்குள் மூன்று. சிவப்பு போய், வேக வைத்த மாதிரி வெளுத்திருந்தன.

ஆஸ்பத்திரியில் நாலு மணிக்குத்தான் உள்ளே விடுவார்கள். ஆறு கட்டில் போட்ட அறையில் அக்கா ஜன்னலோரம். ஆபரேஷன் முடிந்து அன்றுதான் காலைத் தரையில் ஊன்ற வைத்திருந்தார்கள்.

"மாப்பிள்ளை சாப்பிட்டாரா?"

"தின்னுட்டுத் தூங்குறார். மாப்பிள்ளை வேற என்ன பண்ணுவார்?"

பக்கத்துக் கட்டில் அம்மாள் காதைத் தீட்டிக்கொண்டு, "வீட்டோட மாப்பிள்ளையா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா, கண்ணாடி வீடு கட்டிக் குடுத்திருக்கோம்" என்றாள் அக்கா. பிறகு என்னிடம், "இறால் எத்தனை கண்ணுல பட்டுது?"

"ஒன்பது."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "டேய், ஒன்பதும் ஒரே நேரத்துல யார் கண்ணுக்கும் படாது. செடிக்குள்ள பதுங்கிக்கும். நீ தொட்டிப் பக்கமே போகலையா?"

"போனேன். ஒரு அஞ்சு பார்த்தேன்."

"அப்படிச் சொல்லு" என்று நிம்மதியாகப் படுத்தாள். பொய் சொல்வதிலும் அளவு இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். கொஞ்சம் குறைத்துச் சொன்னால் நம்புகிறார்கள்.

மறுநாள் செத்த இறாலைத் தீப்பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு வளர்ப்பு மீன் கடைக்குப் போனேன். முந்தின வாரம்தான் அக்கா புதுத் தீனி டப்பா வாங்கியிருந்தாள். கோளாறு அதில்தான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

"கெட்டுப்போன தீனியை ஒரு கிழவி தலையில கட்டிட்டியே, நல்லா இருப்பியா?" என்று தீப்பெட்டியை மேஜை மேல் திறந்து வைத்தேன்.

கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "பெரியவரே, இதே தீனியைத்தான் கடை முழுக்கப் போடுறேன். சுத்திப் பாருங்க, எது செத்துக் கிடக்கு?"

"செத்ததை நீ வெளியில எடுத்து வச்சுக் காட்டுவியா?"

அவர் இறாலைப் புரட்டினார். "தண்ணி மாத்தினீங்களா?"

"ரெண்டு நாள் நிக்க வச்ச தண்ணி. சுத்தமான தண்ணி."

"சொட்டு மருந்து போட்டீங்களா?"

எனக்குத் தேவைப்பட்டது அதுதான். "வந்தியா வழிக்கு! சொட்டு விக்கணும் உனக்கு. நீ பொறக்கறதுக்கு முன்னாடியிலிருந்து இந்த ஊர்த் தண்ணிக்கு மருந்து போட்டவன்டா நான்."

"இருக்கலாம். எனக்கும் அம்பது வயசு ஆகுது. போடாம ஊத்தாதீங்க, அவ்வளவுதான் சொல்லுவேன். அக்கா எங்க? எப்பவும் அவங்கதானே வருவாங்க?"

"அவ எங்க இருந்தா உனக்கென்ன?" என்று தீப்பெட்டியை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். தீனி டப்பாவைக் குப்பையில் போட்டேன்.

மிச்ச இறாலும் போயின. பிறகு மீசைக்காரர்கள் தரையை விட்டுவிட்டு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினார்கள். மூச்சுக்குத் தவிக்கிற மாதிரி. கெட்ட தீனி தண்ணீரில் ஊறிவிட்டது, தண்ணீரைச் சுத்தம் செய்தால் சரியாகிவிடும் என்று முடிவு கட்டினேன். மூன்று நாளைக்கு ஒரு தடவை மாற்றச் சொன்னாளா, நான் தினமும் மாற்றினேன். வாளி வாளியாக நிற்க வைத்து, மோந்து பார்த்து, குறுக்கு வலிக்க வலிக்கத் தூக்கி ஊற்றினேன். நாலு வருடம் தூக்காத வாளியையெல்லாம் அந்த ஒரு வாரத்தில் தூக்கினேன். ஊற்ற ஊற்றத் தவிப்பு கூடியது. கூடக் கூட ஊற்றினேன்.

ஆஸ்பத்திரியில் அக்கா நடக்க ஆரம்பித்திருந்தாள். நாலு கால் வைத்த இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நடை பழக்குகிற பெண் நிற்க, கட்டிலிலிருந்து கதவுப் பக்கம்.

"பத்து அடி தனியா நடந்தா வீட்டுக்கு அனுப்புவாங்களாம்டா. முந்தாநேத்து மூணு. நேத்து நாலு. இன்னிக்கு ஆறு!" முகமெல்லாம் வேர்த்திருந்தது. "மீசைக்காரங்களை எண்ணிக்கிட்டே நடந்தேன். ஒரு அடிக்கு ஒருத்தன். ஆறாவது ஆளு கொஞ்சம் குட்டையா இருப்பான்ல, கல்லுக்கடியிலேயே கிடப்பான், அவன் வரைக்கும் வந்துட்டேன். இருக்கான்ல அவன்?"

"இருக்கான்."

அந்தக் குட்டையன் அன்று காலையில் செத்திருந்தான். அவனுக்கு முன்னால் இரண்டு பேர். மொட்டை மாடியில் இருந்த செடித் தொட்டி மண்ணில் மூன்று பேரையும் புதைத்துவிட்டுத்தான் பஸ் ஏறியிருந்தேன்.

பதினாறாம் நாள், பெரிய தொட்டியில் நத்தை ஒன்று மட்டும் மிச்சம். சின்னத் தொட்டியில் மாப்பிள்ளை மேலேயே மிதந்துகொண்டு காற்றை வாயால் குடித்துக்கொண்டிருந்தான். அவன் இனம் தண்ணீருக்கு மேலே வந்தும் மூச்சு எடுக்கும், அதனால்தான் இழுத்துக்கொண்டு கிடந்தான். நான் கிட்டே போனேன். செவுளை விரிக்கவில்லை. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தீனியைத் தூக்கிப்போட்டுப் பத்து நாள் ஆகிவிட்டது. அதன் மேல் இனிப் பழி போட முடியாது. அடுத்த சந்தேகம் குடிநீர் நிலையத்தின் மேல் போனது. இப்போது இருக்கிற பயல்கள் அளவு தெரியாமல் மருந்தைக் கொட்டுகிறார்கள். ஒரு பாட்டிலில் குழாய்த் தண்ணீரும் இன்னொன்றில் இரண்டு நாள் நின்ற வாளித் தண்ணீரும் எடுத்துக்கொண்டு, சண்டை போடத் தயாராகப் போனேன்.

வால்வு அங்கே இருந்தான். எனக்கு உதவியாளாக வால்வு திருகிக்கொண்டிருந்தவன், பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. இப்போது அவன்தான் அங்கே மேற்பார்வை.

"அண்ணே! வாங்க. என்ன, கையில பாட்டிலோட? விருந்தா?"

"விருந்துதான். நீங்க போடுற மருந்துல வீட்டுல ஒண்ணொண்ணா சாகுது."

விளையாட்டை விட்டுவிட்டு உட்கார வைத்தான். எல்லாவற்றையும் கேட்டான். சின்னக் கண்ணாடிக் குழாயில் வாளித் தண்ணீரை ஊற்றி, ஒரு மாத்திரையைப் போட்டுக் குலுக்கினான். நிறம் மாறவே இல்லை.

"பார்த்தியா! போயிடுச்சுல்ல? நின்னா போயிடும்னு நான் சொன்னேன்ல?"

"இருங்கண்ணே" என்றான். அதே குழாயில் இரண்டாவது மாத்திரை ஒன்றைப் போட்டான். மூடி போட்டு மறுபடி குலுக்கினான். மேஜை மேல் வைத்தான். கன்னத்தில் அறைந்த இடம் மெல்லச் சிவக்கும் பாருங்கள், அப்படித் தண்ணீர் சிவந்தது. சிவந்து நின்றது.

"முதல் மாத்திரை காட்டுறது உங்க காலத்துக் குளோரின். அது போயிடுச்சு, நீங்க சொன்னது சரிதான். ரெண்டாவது காட்டுறதுதான் இப்ப நாங்க போடுறது. ஊர் பெருசாயிடுச்சுண்ணே. கடைசி வீட்டுக் குழாய்க்குப் போறதுக்குள்ள வெறும் குளோரின் ஓடிடுது. அதனால அமோனியாவையும் சேத்துப் போடுறோம். நின்னு பேசும். வாளியில ஒரு வாரம் வச்சாலும் சுலபமா போகாது. வாசனையும் தெரியாது. மனுஷன் குடிக்கலாம், ஒண்ணும் ஆகாது. மீனுக்குத்தான் செவுள் வெந்துடும்."

"எப்பலேர்ந்து?"

"நாலு வருஷம் இருக்கும்."

"எனக்கு எவன்டா சொன்னான்?"

"வீடு வீடா காகிதம் குடுத்தோமே அண்ணே. மீன் வளக்குறவங்களுக்குன்னு தனியாக் கட்டம் போட்டே எழுதியிருந்தோம்."

நான் எழுந்து வந்துவிட்டேன். தேநீர் சொல்லியிருக்கிறேன் என்று வாசல் வரை பின்னாலேயே வந்தான்.

வீட்டில் ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் அந்தக் காகிதம் காந்தத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே அக்காவின் சாமான் சீட்டு, அடியில் அது. நாலு வருடமாகத் தினமும் அதைத் தாண்டித்தான் தண்ணீர் பாட்டில் எடுத்தேன். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். கட்டம் போட்டிருந்தது. பென்சிலால் அக்கா கோடு இழுத்து, பக்கத்தில் வாளிக்கு 2 என்று எழுதியிருந்தாள்.

பாட்டிலைத் திறந்து இரண்டு சொட்டு விட்டேன். மூன்றாகிவிட்டதோ என்று பயந்து, அதைக் கொட்டிவிட்டு வேறு வாளி பிடித்தேன்.

மறுநாள் நாலு மணிக்குப் போனேன். அக்கா எட்டு அடி நடந்து முடித்து உட்கார்ந்திருந்தாள். ஆறுக்கு மேல் நத்தையை எண்ணியிருப்பாள்.

"அக்கா, மீசைக்காரங்க இல்ல."

"இல்லன்னா?"

"செத்துட்டாங்க. ஆறு பேரும். இறால் அத்தனையும். நத்தை ரெண்டு. சொட்டு போடாம ஊத்தினேன்."

பக்கத்துக் கட்டில் அம்மாள் பழம் உரிப்பதை நிறுத்தினாள்.

"மறந்துட்டியா?" என்று அக்கா மெதுவாகக் கேட்டாள். மறந்துவிட்டேன் என்று நான் சொல்லிவிட வேண்டும் என்று அவளே எதிர்பார்க்கிற மாதிரி இருந்தது அந்தக் குரல்.

"மறக்கல. போடக்கூடாதுன்னே போடல."

"மாப்பிள்ளை?"

"இருக்கார். உடம்பு சரியில்ல."

"குட்டையன் எப்பப் போனான்?"

"நீ ஆறு அடி நடந்தியே, அன்னிக்குக் காலையில."

குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். பிறகு படுத்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திட்டுவாள் என்று நின்றேன். மணி அடித்து வெளியே அனுப்பும் வரை நின்றேன்.

அடுத்த இரண்டு நாள் அவள் கட்டிலை விட்டு இறங்கவில்லை. நடை பழக்குகிற பெண் வராந்தாவில் என்னை மடக்கினாள்.

"என்ன சொன்னீங்க அவங்ககிட்ட? நல்லா நடந்துக்கிட்டிருந்தாங்க."

"உண்மையைச் சொன்னேன்."

"அதுக்கு வேற நேரம் கிடைக்கலையா உங்களுக்கு?"

"கிடைச்சுது. அப்பல்லாம் சொல்லல."

மூன்றாம் நாள் நான் உள்ளே போகும்போது அக்கா கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு இரும்புச் சட்டத்தைக் கொண்டுவரச் சொன்னாள்.

"நடக்கிறீங்களாம்மா?"

"நடக்காம? இவன்கிட்ட விட்டு வச்சா மிச்சம் இருக்கிறவரும் போயிடுவார்."

கதவு வரை போனாள். கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். பன்னிரண்டு அடியோ பதிமூன்றோ இருக்கும். அந்தப் பெண்தான் எண்ணினாள். அக்கா எண்ணவில்லை.

நாலு நாள் கழித்து வீட்டுக்கு வந்தாள். மாடிப்படியில் நாற்காலியோடு இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். வந்ததும் சின்னத் தொட்டி முன்னால் உட்கார வைக்கச் சொன்னாள். மாப்பிள்ளை வந்தான். மெதுவாக வந்தான், ஒரு பக்கச் செவுள் மூடாமல் திறந்தபடியே இருந்தது, வால் ஓரமெல்லாம் கந்தல். கண்ணாடியில் அவள் விரல் வைத்த இடத்தில் நின்றான். நான் பின்னால் போய் நின்றேன். என்னைப் பார்த்தும் விறைக்கவில்லை.

"சண்டையை விட்டுட்டாரு" என்றாள் அக்கா, அவனைப் பார்த்தே. மிதியில் காலை வைத்துப் பார்த்தாள். அமுக்க முடியவில்லை. எடுத்துக்கொண்டாள்.

பெரிய தொட்டியைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை. அதில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நத்தை கண்ணாடியில் ஊர்ந்துகொண்டிருந்தது.

இப்போது மூன்று நாளைக்கு ஒரு தடவை நான் வாளி பிடித்துக் கொண்டுவந்து அவள் நாற்காலிப் பக்கத்தில் வைக்கிறேன். வைத்ததும் தரையைத் துடைக்கிறேன். பாட்டிலை அவள் கையில் கொடுத்தால் வாங்க மாட்டாள். நான்தான் விட வேண்டும், அவள் பார்க்க வேண்டும்.

"ஒண்ணு" என்பேன்.

"ஒண்ணு" என்பாள்.

"ரெண்டு."

"ரெண்டு. ஊத்து."

நேற்று நான் சொட்டு விடும்போது நத்தை கண்ணாடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.

"ரெண்டு" என்றேன்.

"நான் பாக்கல."

"ரெண்டுதான்க்கா விட்டேன்."

"நான் பாக்கலன்னேன். கொட்டிட்டு வேற பிடி."

கொட்டினேன். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தேன். வாளி நிறைந்தது. பழக்கத்தில் தண்ணீரிடம் குனிந்துவிட்டேன். மோந்து பார்க்காமல் நிமிர்ந்து, சிந்தாமல் தூக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தேன்.